உள்தையலைக் காட்டி விற்பவர்

பழைய துணிப் பொதியிலிருந்து எதை உருவினாலும் ஷெத்லியா முதலில் அதன் கைகளை உள்ளே இழுத்து, உட்புறம் வெளியே வரும்படி புரட்டிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் கேமராவுக்குக் காட்டுவார்.

"வெளியில பாத்து வாங்குறதுக்கு ஊருல நூறு கடை இருக்கு. உள்ள பாருங்கடி. இந்த அக்குள் தையலைப் பாருங்க, ரெட்டைத் தையல். இதைத் தச்சவ அன்னைக்கு நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்திருக்கா. ஆனா இங்க பாருங்க, பையில ஓட்டை. பொய் சொல்ல மாட்டேன்." ஓட்டைக்குள் சுண்டுவிரலை நுழைத்து ஆட்டுகிறார். "சில்லறை போட்டா கீழே விழும். தச்சுக்கத் தெரிஞ்சவ எடுத்துக்கோ, தெரியாதவ அடுத்ததுக்கு இரு."

எதிரே, குஸ்குஸ் ரவை அவிக்கும் துளைப்பாத்திரத்தில் சாய்த்து நிறுத்திய ஃபோன். அதற்குள் இருநூற்றுச் சொச்சம் பெண்கள். சிலர் தூனிஸ் நகரில், சிலர் கஃப்ஸாவில், ஒருத்தி கடலுக்கு அப்பால் மார்செய்யில். நேரலை சரியாகப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, கணவன்மார் கண்ணயர்ந்திருக்கும் நேரம் அதுதான் என்று ஷெத்லியா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

க்ஸார் ஹெலால் ஊரில் என் காகிதக் கடைக்கு மேல்மாடியில் அவர் வீடு. வயது ஐம்பத்து மூன்று. குள்ளம். மூக்குக் கண்ணாடியின் காது உடைந்துபோய், அங்கே ஏதோ கால்சட்டை இடுப்பிலிருந்து உருவிய எலாஸ்டிக் கட்டியிருக்கும். பார்சல் ஒட்டும் டேப், பழுப்புத் தாள், முகவரிச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வாங்குகிறார். வாங்க வரும்போதெல்லாம் என் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "ஹமாதி தம்பி, இந்தச் சட்டை இன்னும் ரெண்டு மாசம்தான். எழுதி வச்சுக்கோ." ஒருமுறையும் பிசகியதில்லை.

விற்க வரும் துணிகளின் பைகளுக்குள் கிடைப்பவற்றை ஒரு மிட்டாய்த் தகர டப்பாவில் சேர்த்து வைக்கிறார். வேறு நாட்டு ரயில் சீட்டு, பாதி உறையில் சுற்றிய சாக்லேட், ஒற்றைக் காதணி. எழுத்து இருந்தால் என்னிடம் கொண்டுவருவார், படித்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு பிரெஞ்சு அம்மாள் எழுதிய கடைச் சாமான் பட்டியல் வந்தது. உருளைக்கிழங்கு, சோப்பு, பூனைக்குச் சாப்பாடு. அன்று மாலை மீண்டும் இறங்கி வந்து கேட்டார்: "பூனைக்கு வாங்கினாளா, மறந்துட்டாளா? கோட்டோட சேத்துப் பட்டியலையும் தூக்கிப் போட்டிருக்காளே."

இருபத்திரண்டு வருஷம் ஒரு ஜீன்ஸ் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் நின்றவர் அவர். ஒரு கால்சட்டையைப் புரட்டி, இடுப்பு, ஜிப், கவட்டை, கால்மடிப்பு என்று விரலை ஓட்டி, சரி என்றோ தள்ளு என்றோ சொல்ல நாற்பது விநாடி. ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது கேட்டில் சங்கிலி தொங்கியது. வெள்ளிக்கிழமை இரவே இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு முதலாளிகள் போய்விட்டிருந்தார்கள். நானூறு பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். "எல்லாரும் கத்தினாங்க. எனக்குக் கத்தத் தோணல. என் கண்ணாடி உள்ள மேஜையில இருக்கேன்னு மட்டும் தோணுச்சு" என்பார்.

கையிலிருந்த கொஞ்சப் பணத்தில் பழைய துணிப் பொதி ஒன்று வாங்கி வாரச்சந்தையில் தரையில் விரித்தார். அங்கே ஏற்கெனவே நாற்பது பேர் விரித்திருந்தார்கள். நான்கு மாதம் வெயிலில் உட்கார்ந்ததில் முகம் கறுத்ததுதான் மிச்சம்.

நேரலை தொடங்கியது ஒரு தவறால். காபெஸில் இருக்கும் தங்கைக்கு ஒரு கம்பளிக் கோட்டைக் காட்டுவதற்காக ஃபோனை எடுத்தவர் எந்தப் பொத்தானையோ அமுக்கியிருக்கிறார். அந்தப் பக்கம் தங்கை இல்லை. பழைய தோழிகள், அவர்களுடைய நாத்தனார்கள், யாரோ ஒரு சலூன்காரர் என்று பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏய், கேக்குதாடி? ஏன் பேச மாட்டேங்குற? இந்தக் கோட்டுக்கு உள்துணி கிழிஞ்சிருக்கு, ஆனா மாத்திக்கலாம். உன் புருஷன் கஞ்சன், எடுத்துத் தர மாட்டான், நானே அனுப்புறேன்" என்று கால்மணி நேரம் பேசியிருக்கிறார். முடிவில் திரையில் இரண்டு வரி தெரிந்தது. 'கோட்டு என்ன விலை?' என்று ஒருத்தி. 'யார் அந்தக் கஞ்சன்?' என்று இன்னொருத்தி. அந்தக் கோட்டு தங்கைக்குப் போகவில்லை, விலை கேட்டவளுக்குப் போனது.

பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஒரு பெரிய தொல்லை மட்டும் இருந்தது. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். எங்கள் ஊர் இளசுகளோ அரபியை ஆங்கில எழுத்தில் தட்டி, அதில் இல்லாத ஓசைகளுக்கு எண்களைப் போடுகிறவர்கள். வார்த்தைக்கு நடுவில் ஏழு வரும், ஒன்பது வரும். ஷெத்லியா கேமராவைப் பார்த்தே கேட்டார்: "இது என்னடி, எழுதுறீங்களா, கூட்டல் கணக்குப் போடுறீங்களா? ஏழுன்னா ஏழு சட்டையா? வாயிருக்குல்ல, குரலை அனுப்புங்க." அன்றிலிருந்து அவருடைய வாடிக்கைப் பெண்கள் குரல்செய்தி அனுப்புகிறார்கள். ஆர்டர் கேட்டு வரும் குரல் மெல்ல மெல்ல மாமியார் சண்டை, கர்ப்பம், பிள்ளையின் பரீட்சை என்று நீளும். காலையில் பார்சல் கட்டும்போது அத்தனையையும் கேட்பார். மாடியில் ஊர் ஊராகப் பெண்கள் பேசிக்கொண்டிருப்பது என் கடைக்கு நன்றாகக் கேட்கும்.

மூன்று வருஷத்தில் அவர் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் நாற்பத்தோராயிரம். ஷெத்லியாவின் கணவர் முல்தி, ஸூஸா நகருக்கு வாடகை வேன் ஓட்டுகிறவர், "என் வேன்ல எட்டுப் பேர் ஏறுறதுக்கே சண்டை. இவளுக்கு எங்கிருந்துதான் வராங்களோ" என்று வியந்து போவார்.

போட்டியும் வந்தது. அடுத்த தெருவில், முனை ரொட்டிக் கடைக்குப் பின்னால், நவ்ரஸ் என்ற இருபத்தாறு வயதுப் பெண். அதே மூன்று மணி. வட்ட விளக்கு, பாட்டு, நகப்பூச்சு. துணியைத் தானே போட்டுக்கொண்டு சுழன்று காட்டுவாள். உள்பக்கம் எதையும் காட்டுவதில்லை. வேகமாகப் பேசி வேகமாக விற்கிறவள். "நல்லாத்தான் பேசுறா. ஆனா ஒரு தடவை அந்தக் கழுத்துத் தையலைப் புரட்டிக் காட்டுனா என்ன குறைஞ்சா போயிடுவா" என்பதற்கு மேல் ஷெத்லியா அவளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

போன வருஷம் இலையுதிர் காலத்தில், குளிர்க்கோட்டுப் பொதிகள் வந்து இறங்கிய வாரம், ஷெத்லியாவுக்கு ஓர் அழைப்பு. மிக மரியாதையான ஆண் குரல். "மேடம், உங்க பக்கத்துக்கு நீலக் குறி கொடுக்கப் போறோம். நம்பகமான வியாபாரின்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப ஒரு ஆறு இலக்க எண் வரும், படிச்சுச் சொன்னாப் போதும்." வாழ்க்கையில் யாரும் அவரை மேடம் என்று கூப்பிட்டதில்லை. எண்களை அவர் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, கடகடவென்று படிப்பார். படித்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் பக்கம் அவர் கையை விட்டுப் போனது. அவருடைய படம், அவருடைய பெயர், நாற்பத்தோராயிரம் பேர் எல்லாம் அப்படியே இருந்தன, உள்ளே இருந்தது வேறு ஆள். புத்தம் புதிய கோட்டுகளின் படங்கள் வந்தன. முன்பணம் அனுப்பினால் பாதி விலை என்று எழுதியிருந்தது. பொருள் கைக்கு வந்த பிறகு பணம் என்பதுதான் எங்கள் நாட்டு வழக்கம். ஆனாலும் ஷெத்லியா அக்கா கேட்கிறாரே என்று பெண்கள் அனுப்பினார்கள்.

பக்கத்தைத் திரும்பப் பெற இரண்டு வாரம் முயன்றும் முடியாமல், ஷெத்லியா என்னைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனார். எழுதிக்கொண்டார்கள். இருவரும் திரும்பி வரும் வழியில் தாலாவிலிருந்து ஃபோன் வந்தது. அது மலையூர், பனி கொட்டும் இடம். "அக்கா, என் பொண்ணுக்குக் கோட்டுக்குப் பணம் அனுப்பிப் பன்னெண்டு நாளாச்சு. பள்ளிக்கூடத்துக்கு என் சால்வையைச் சுத்திக்கிட்டுப் போறா. எப்ப வரும்?" ஷெத்லியா காதில் ஃபோனோடு நடுத்தெருவில் நின்றுவிட்டார். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் புதுப் பக்கம் தொடங்கினார். முதல் நேரலைக்கு ஆறு பேர். அதில் நான் ஒருவன், தங்கை ஒருத்தி, நிறுத்தத்தில் பயணிகளுக்காகக் காத்திருந்த முல்தி ஒருவர். துணி எதுவும் காட்டவில்லை. "நான்தான் ஷெத்லியா. என்னை ஏமாத்திட்டாங்க. எண்ணைக் கேட்டாங்க, நானே படிச்சுக் கொடுத்தேன்" என்று தொடங்கினார். "அடுத்தவ தையல்ல இருக்குற ஓட்டையை எல்லாம் கண்டுபிடிச்சவ நான்..." என்றவர் உடைந்துவிட்டார். மூக்கு ஒழுக, கண்ணாடி நழுவ, இரண்டு நிமிடம் அழுதார். ஃபோனை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

யாரோ அந்த இரண்டு நிமிடத்தை வெட்டியெடுத்து, சோக வயலின் சேர்த்துச் சுற்றில் விட்டார்கள். காபிக் கடையில் பையன்கள் அந்த அழுகையைப் போலவே அழுது காட்டினார்கள். நவ்ரஸும் தன் நேரலையில் அதை ஓட்டினாள். "பாவம் அத்தை. தெரியாத வேலையில கை வைக்கலாமா? இதெல்லாம் வயசுப் பிள்ளைங்க பாக்குற வேலை" என்று சிரித்தாள். அவளுடைய பார்வையாளர்களும் சிரித்த முகங்களாக அனுப்பித் தள்ளினார்கள். அந்த வாரம் ஷெத்லியாவின் புதுப் பக்கத்துக்கு மூவாயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். நான் மகிழ்ச்சியோடு மாடிக்குப் போய்ச் சொன்னேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அழுததைப் பாக்க வந்தவங்க தம்பி. துணி பாக்க வந்தவங்க இல்ல. நாளைக்கு இன்னொருத்தி அழுதா அங்க போயிடுவாங்க."

பணம் அனுப்பி ஏமாந்த பெண்கள் மொத்தம் முப்பத்தோரு பேர் என்று தெரியவந்தது. ஒவ்வொருத்தியையும் ஷெத்லியாவே அழைத்தார். திருடன் காட்டிய படத்தில் என்ன இருந்தது, யாருக்காகக் கேட்டாய், உயரம் என்ன என்று விசாரித்தார். படத்திலிருந்த புதுக் கோட்டு தன்னிடம் இல்லை, ஆனால் அதே சூடு தரும் ஒன்றைத் தேடி அனுப்புவதாகச் சொன்னார். முல்திக்கு இது பொறுக்கவில்லை. அந்தச் சண்டை என் கடைவரை கேட்டது.

"நீ திருடுனியா? சொல்லு, நீ திருடுனியா?"

"இல்ல."

"அப்புறம் நீ ஏன் அனுப்பணும்?"

"அவங்க அவனுக்கா அனுப்புனாங்க? எனக்குத்தானே அனுப்புனாங்க."

"அவன் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது!"

"அதான் சொல்றேன். அவங்களுக்குத் தெரிஞ்சது என்னை மட்டும்தான்."

பிறகு முல்தியின் குரல்: "தாலாவுக்குப் போற வேன்காரன் ஒருத்தன் எனக்குப் பழக்கம். அந்தப் பொண்ணோடது முதல்ல போகட்டும். கட்டி வை."

ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பார்சல்கள் போயின. ஒவ்வொன்றையும் நேரலையிலேயே தேர்ந்தெடுத்தார். "இது பிஸெர்ட் ஊர் அக்காவுக்கு, தோள் அகலம் அவங்களுக்கு. வேணாம், இந்தக் காலர் கழுத்தைக் குத்தும். அடுத்தது." விற்பனைக்கு அல்லாத அந்தத் தேடலைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. "அந்த நீலத்தை எடுங்க அக்கா", "அதுல பித்தான் இல்ல, வேணாம்" என்று முன்பின் தெரியாதவர்கள் யாரோ ஒருத்திக்காக வாதாடினார்கள். பார்சல் போய்ச் சேர்ந்த ஊர்களிலிருந்து படங்கள் வந்தன. தாலாவிலிருந்து வந்த படத்தில் பனிக்கு நடுவே பச்சைக் கோட்டில் ஒரு சிறுமி நின்றாள். கீழே அவள் அம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: 'இவர் ஏமாந்தவர், ஏமாற்றியவர் அல்ல.' அதை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். திருடப்பட்ட பக்கத்தைப் பற்றி இந்தப் பெண்களே விடாமல் புகார் கொடுத்ததில் ஒருநாள் அது மறைந்துபோனது.

வசந்தம் வந்தபோது புதுப் பக்கத்தில் ஒன்பதாயிரம் பேர் இருந்தார்கள். பழைய நாற்பத்தோராயிரத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஆனால் ஆர்டர் கூடியிருந்தது. தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே ஒன்றாக நின்ற தோழிகள் இருவர் இப்போது மாடிக்கு வேலைக்கு வருகிறார்கள். ஒருத்தி இஸ்திரி போடுகிறாள், ஒருத்தி பார்சல் கட்டுகிறாள். மூவரும் சிரிக்கும்போது என் கடைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது.

போன வெள்ளிக்கிழமை. கடையில் ஆளில்லை. வழக்கம்போல் ஃபோனில் ஷெத்லியாவின் நேரலையை ஓடவிட்டு ரசீதுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சிறுவனின் கால்சட்டையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு குரல்செய்தி வந்தது. அவர் அதைச் சத்தமாகவே ஓடவிட்டார்: "ஷெத்லியா அக்கா, நான் நவ்ரஸ் லைவையும் பாத்துக்கிட்டிருக்கேன். அவளுக்கு நீலக் குறி கிடைக்கப் போகுதாம், இப்ப இன்னொரு ஃபோன்ல பேசிக்கிட்டிருக்கா. குதிக்கிறா. உங்களுக்குக் கேட்ட மாதிரியே இருக்கு அக்கா."

ஷெத்லியாவின் கையிலிருந்த கால்சட்டை மேஜைமேல் விழுந்தது.

"அவ நம்பர் யார்கிட்டயாவது இருக்காடி?"

யாரிடமும் இல்லை. இருந்தாலும் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாளே. "அப்படியே இருங்க" என்றார். படியில் தடதடவென்று சத்தம். வீட்டுச் செருப்போடு என் கடையைத் தாண்டி ஓடினார். அவர் இப்படி ஓடி அதுவரை நான் பார்த்ததே இல்லை. ரொட்டிக் கடைக்காரர் வழிவிட்டு ஒதுங்குவதைப் பார்த்தேன். அதற்குமேல் இங்கிருந்து தெரியாது. நவ்ரஸின் நேரலைக்கு மாறினேன்.

வட்ட விளக்கின் வெளிச்சத்தில் நவ்ரஸ் மின்னிக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஃபோன் காதில். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வந்துடுச்சு, வந்துடுச்சு. சொல்லட்டுமா சார்?" ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, மறுபடி காதில் வைத்தாள். "முதல்ல நாலு..."

கதவு சுவரில் மோதும் சத்தம். நவ்ரஸ் திரும்பினாள். ஷெத்லியா திரைக்குள் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நேராகக் கையை நீட்டி நவ்ரஸின் காதிலிருந்த ஃபோனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க அத்தை? விடுங்க!"

ஷெத்லியா விரலை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னார். கேட்டார். அந்தப் பக்கம் ஏதோ மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கண்களை மூடிக்கொண்டார்.

"மகனே" என்றார் மெதுவாக. "மேடம்னு கூப்பிடுறப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் ஷெத்லியா. ஞாபகம் இருக்கா? நல்லா இருக்கியா? நீ விட்டுட்டுப் போன முப்பத்தோரு பேருக்கும் நான் துணி அனுப்பிட்டேன். உனக்கும் ஒண்ணு வேணும்னா க்ஸார் ஹெலாலுக்கு வா. முகத்தைக் காட்டி வாங்கிட்டுப் போ."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஷெத்லியா ஃபோனை நவ்ரஸிடம் திருப்பிக் கொடுத்தார். "எத்தனை எண் சொன்ன?"

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான்."

"சரி. ஒண்ணால ஒண்ணும் ஆகாது."

நவ்ரஸ் ஃபோனையே பார்த்தாள். பிறகு ஷெத்லியாவைப் பார்த்தாள். என்ன நடக்க இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு எட்டியது. மை தீட்டிய கண்கள் நிரம்பின. திரையின் ஓரத்தில் சிரித்த முகங்கள் ஒன்று, இரண்டு, பத்து என்று மேலே ஏற ஆரம்பித்தன. 'அழப்போறா, அழப்போறா' என்று ஒருவர் எழுதினார்.

ஷெத்லியா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாரா, முகங்களை மட்டும் பார்த்தாரா, தெரியாது. நவ்ரஸின் முதல் விம்மல் வெளியே வருவதற்குள் ஓர் எட்டு முன்னால் வந்து, கையை நீட்டினார். என் ஃபோன் திரை முழுவதையும் ஓர் உள்ளங்கை நிறைத்தது. தோல் கெட்டிப்பட்ட, விரல் நுனிகளில் ஊசித் தழும்புள்ள உள்ளங்கை. இரண்டாயிரம் பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழுகை ஓயும்வரை அந்தக் கை அசையவில்லை.